முகாம் மாணவர்களுக்கான கல்வி நிதி: குழுவைப் பதிவு செய்ய வேண்டுமா?

வைகைக்கரை எழுதியது:

மதுரை மாவட்டத்தில் உச்சப்பட்டி, ஆனையூர், திருவாதவூர் ஆகிய ஊர்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. அங்கிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்காக, பெரும்பாலும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களுமான நாங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஆண்டுதோறும் மே மாதத்தில் பணம் திரட்டி, சேர்க்கையின்போது கட்டணத்தைக் கல்லூரிக்கே நேரடியாகச் செலுத்தி வருகிறோம். குழுவுக்குப் பெயர் உண்டு, பதிவு இல்லை. பணம் முழுவதும் பொருளாளரின் சொந்தச் சேமிப்புக் கணக்கில்தான் வந்து சேர்கிறது.

இதை இனியும் தொடர முடியாது என்பது என் கருத்து. பொருளாளர் நேர்மையானவர் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் ஒருவர் பெயரில் உள்ள கணக்கில் கிடக்கும் பணம் வங்கியின் பார்வையில் அவருடைய பணம்தான். நாளை அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் அது அவருடைய வாரிசுகளிடம் போகும். வருமான வரித் துறை கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர் ஒருவரே.

ஆகவே பொது அறக்கட்டளையாகப் பதிவு செய்து, நன்கொடையாளருக்கு 80ஜி எனப்படும் வருமான வரிச் சலுகை பெற்று, பின்னர் வெளிநாட்டிலிருந்து பணம் பெறுவதற்காக வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழும் பதிவு கோரலாம் என்று முன்மொழிகிறேன். அரசே செய்யும்போது நீங்கள் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. 2021 ஆகஸ்டில் மாநில அரசு 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்து, 7,469 வீடுகளைக் கட்டித் தர முன்வந்தது பெரிய செயல்தான். ஆனால் அப்போது உயர்த்தப்பட்ட மாதப் பணக்கொடையே குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 என்ற அளவில்தான் இருந்தது. அதிலிருந்து விடுதிக் கட்டணத்தை எடுத்து வைக்க எந்தக் குடும்பத்தால் முடியும்?

ஒத்தக்கடை வாசகர் எழுதியது:

ஐயா, நோயைச் சரியாகச் சொல்லிவிட்டு மருந்தை மாற்றி எழுதியிருக்கிறீர்கள். பொருளாளரின் கணக்கில் பணம் வருவது தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதைத் தீர்ப்பதற்கு டெல்லி வரை போக வேண்டியதில்லை.

வெளிநாட்டுப் பணம் பெறும் பதிவுக்கு விண்ணப்பிக்கும் அமைப்பு மூன்று ஆண்டுகளாக இயங்கியிருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளில் தன் முதன்மைப் பணிகளுக்காக 15 லட்சம் ரூபாயாவது செலவழித்திருக்க வேண்டும். 2020இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் தொடங்கப்படும் கணக்குக்கு மட்டுமே முதலில் வர முடியும். நிர்வாகச் செலவுக்கு முன்பு 50 விழுக்காடு வரை அனுமதி இருந்தது. இப்போது 20 விழுக்காடுதான். தனிக் கணக்கு, தனித் தணிக்கை, ஆண்டு அறிக்கை என்று வேலை பெருகும்போது, ஊதியம் கொடுத்து ஒருவரை அமர்த்தாமல் முடியாது. கட்டணம் கட்டக் கூடிய குழு, கணக்கு எழுதக் கூடிய குழுவாக மாறிவிடும்.

80ஜி பற்றியும் ஒரு சொல். புதிய வருமான வரி முறையில் அந்தச் சலுகையே கிடையாது. நமக்குப் பணம் தருவோரில் மாதச் சம்பளக்காரர்கள் பலர் ஏற்கெனவே புதிய முறைக்கு மாறிவிட்டார்கள். அவர்கள் ஐந்நூறும் ஆயிரமும் தருவது வரியைக் கணக்குப் பார்த்து அல்ல. நீங்களும் நானும் தொலைபேசியில் அழைத்துக் கேட்பதால்தான் தருகிறார்கள்.

ஸ்கார்பரோ தமிழன் எழுதியது:

வணக்கம். நான் கனடாவிலிருந்து எழுதுகிறேன். என் பெற்றோரின் உறவினர்கள் இன்னமும் கும்மிடிப்பூண்டி முகாமில் இருக்கிறார்கள். உங்கள் குழுவுக்குப் பணம் அனுப்பலாமா என்று கேட்டபோது, நான் கனடியக் குடிமகன் என்பதால் வாங்க முடியாது என்றார்கள். சட்டத்துக்கு உட்பட்ட பதில்தான். ஆனால் அந்தப் பதிலோடு நின்றுவிடலாமா?

இங்கே 1979 முதல் சாதாரண மக்களே அகதிகளைப் பொறுப்பேற்று வரவழைக்கும் முறை நடைமுறையில் இருக்கிறது. 2024 நவம்பரில் புதிய விண்ணப்பங்கள் நிறுத்தி வைக்கப்படும் வரை, ஐந்து பேர் சேர்ந்தால்கூட ஒரு குடும்பத்துக்குப் பொறுப்பேற்க முடிந்தது. ஆனால் வரும் குடும்பத்தை ஓராண்டுக் காலம் எப்படிப் பராமரிக்கப் போகிறோம், பணம் எங்கே இருக்கிறது, வீடு எங்கே, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது யார் என்பதையெல்லாம் எழுத்தில் காட்டிய பிறகே அனுமதி கிடைக்கும். நல்லெண்ணம் மட்டும் போதும் என்று எவரும் விட்டுவிடுவதில்லை. 1986இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் மீட்ட கதையை நாங்கள் ஆண்டுதோறும் பேசுகிறோம். கரையேறியவர்கள் நிலைகொண்டது, அதன் பிறகு நடந்த காகித வேலையால்தான்.

உங்கள் நாட்டில் கதவு குறுகலானது என்றால், அதற்குள் நுழையும் தகுதியை வளர்த்துக்கொள்ளுங்கள். சிறிய குழு என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே எத்தனை காலம் போகும்?

ஒத்தக்கடை வாசகர் எழுதியது:

தங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அங்கே அரசே அந்த முறையை ஏற்படுத்தி, மக்களைக் கைகொடுக்க அழைக்கிறது. இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. முகாமுக்குள் வெளியார் நுழைவதற்கே அதிகாரிகளின் அனுமதி வேண்டும். இங்கு ஒரு குழு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு கேள்விகளும் வரும்.

இன்னொன்று. உறவினர் ஒருவரின் தனிக் கணக்குக்கு அனுப்பி, அவர் வழியாகக் குழுவுக்குத் தரச் சொல்லலாமே என்று சென்ற ஆண்டு ஒருவர் யோசனை சொன்னார். அதை எவரும் செய்ய வேண்டாம். வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் அமைப்புகளை மட்டுமல்ல, தனி மனிதரையும் கட்டுப்படுத்துகிறது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் துபாயில் இருந்தாலும் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியே தாராளமாகத் தரலாம். அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது.

உச்சப்பட்டிப் பட்டதாரி எழுதியது:

நான் முகாமில் பிறந்து முகாமில் வளர்ந்தவன். உங்களுடையதைப் போன்ற ஒரு குழுவின் உதவியால்தான் பொறியியல் படித்தேன். அந்த நன்றி எனக்கு உண்டு. இவ்வளவு நேரமும் நடந்த பேச்சில் அறக்கட்டளை, வரி, டெல்லி, கனடா எல்லாம் வந்துவிட்டன. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று மட்டும் எவருக்கும் தோன்றவில்லை.

1987 ஜூலை 1க்குப் பிறகு இங்கே பிறந்தவருக்குப் பிறந்த இடத்தால் மட்டும் குடியுரிமை வந்துவிடாது. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தமும் இலங்கையிலிருந்து வந்தவர்களைச் சேர்க்கவில்லை. எனவே அரசு வேலைத் தேர்வுகளுக்கு என்னால் விண்ணப்பிக்க முடியாது. தனியார் நிறுவனங்களோ முகவரியைப் பார்த்ததும் தயங்குகின்றன. என்னோடு பட்டம் பெற்றவர்களில் சிலர் இன்றைக்கு வண்ணம் பூசும் வேலைக்குப் போகிறார்கள். இதை அறிந்தும் குழுக்கள் ஏன் பொறியியல் கட்டணத்தையே விரும்பிக் கட்டுகின்றன? நன்கொடையாளரிடம் சொல்வதற்கு அது நன்றாக இருக்கிறது. செவிலியர் பயிற்சிக்கோ, கணக்குப்பதிவுப் படிப்புக்கோ, கனரக வாகன ஓட்டுநர் உரிமத்துக்கோ, பருவத் தேர்வுக் கட்டணத்துக்கோ கேட்டால் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்கிறார்கள். தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் படிப்பை விட்டவர்கள் எங்கள் வீட்டு வரிசையிலேயே இருக்கிறார்கள்.

காசோலை வழங்கும் விழாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதாகைக்கு முன்னால் மாணவிகளை நிறுத்திப் படம் எடுத்து, முகநூலில் பெயரோடும் முகாமின் பெயரோடும் போடுகிறார்கள். நிதி திரட்ட அது உதவுகிறது என்பது உண்மைதான். வகுப்பில் தன்னை முகாம் பிள்ளை என்று காட்டிக்கொள்ள விரும்பாத பெண்ணுக்கு அதனால் என்ன ஆகிறது என்பதை ஒரு முறையாவது கேட்டிருக்கலாம்.

பதிவு செய்யுங்கள், நான் எதிர்க்கவில்லை. ஆனால் அறக்கட்டளையாக வேண்டாம். அறக்கட்டளையில் அறங்காவலர்கள்தான் எல்லாம். கேள்வி கேட்கப் பொதுக்குழு இல்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் ஏழு பேர் சேர்ந்தாலே சங்கம் பதியலாம். அதில் உறுப்பினர்களுக்கு வாக்கு உண்டு. ஆண்டுக்கொரு முறை கணக்கைப் பொதுக்குழுவின் முன் வைத்தாக வேண்டும். மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் முகாம்களைச் சேர்ந்தவர்கள் பாதிப் பேராவது இருக்க வேண்டும்.

வைகைக்கரை எழுதியது:

தம்பி, படங்களைப் பற்றிச் சொன்னது முற்றிலும் நியாயம். இனிப் பெயரோ முகமோ வெளியிடுவதில்லை என்று விதியிலேயே எழுதிவிடலாம். படிப்பு வகைகளையும் விரிவாக்கலாம். ஆனால் தேர்வுக் குழு பற்றிய கோரிக்கையில் எனக்கு இரண்டு தயக்கங்கள் உள்ளன.

முதலாவது, முகாம் என்பது எல்லோரும் எல்லோருக்கும் உறவாகவோ பகையாகவோ இருக்கும் சிறிய ஊர். இந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது, எங்களுக்குக் கிடைக்கவில்லை என்ற பேச்சு எழுந்தால், அதைச் சுமக்கப் போவது நாங்கள் அல்ல, அங்கேயே வாழ வேண்டிய நீங்கள். வெளியார் முடிவெடுத்தால் திட்டையும் வெளியாரே வாங்கிக்கொண்டு போய்விடுவோம். இரண்டாவது, வெளிநாட்டவரை நிர்வாகிகளாகக் கொண்ட அமைப்புகளுக்கு வெளிநாட்டுப் பங்களிப்புப் பதிவு பொதுவாகக் கிடைப்பதில்லை. சட்டத்தின் கண்ணில் நீங்கள் இந்தியர் அல்லர். உங்களை நிர்வாகத்தில் அமர்த்தினால், ஸ்கார்பரோ நண்பர் தரக் காத்திருக்கும் பணத்துக்கு நாமே கதவடைத்தவர்கள் ஆவோம்.

உச்சப்பட்டிப் பட்டதாரி எழுதியது:

அப்படியானால் அந்தக் கதவு அடைபட்டே இருக்கட்டும் என்றுதான் நான் சொல்வேன். எங்களை வெளியே நிறுத்தினால்தான் வரும் பணம், யாருக்காக வருகிறது?

உறவும் பகையும் உங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் இல்லையா? அதற்காக உறுப்பினரின் வாக்கை எவரும் பறிப்பதில்லை. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை 1984இல் சந்திரகாசன் அவர்கள் தொடங்கியபோது, முகாம் மக்களே தங்கள் வேலையைத் தாங்களே நடத்துவது என்பதுதான் அதன் அடிப்படையாக இருந்தது. நாற்பது ஆண்டுகளாக எங்கள் மக்கள் பட்டியல் எழுதவும், கணக்குப் பார்க்கவும், பொறாமையைச் சமாளிக்கவும் பழகியிருக்கிறார்கள். திட்டு வாங்கவும் எங்களுக்குத் தெரியும், ஐயா.

ஸ்கார்பரோ தமிழன் எழுதியது:

என் பணம் காரணமாகத் தம்பியை வெளியே நிறுத்த வேண்டியிருக்கும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. இருந்தாலும் பதிவை முற்றாகக் கைவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. குறிப்பிட்ட ஒருவரிடமிருந்து குறிப்பிட்ட தொகையைப் பெற முன் அனுமதி கோரும் வழியும் அதே சட்டத்தில் இருப்பதாக அறிகிறேன். நிர்வாகக் குழுவை ஒன்றாகவும், மாணவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவை வேறொன்றாகவும் வைத்துக்கொண்டு அந்த வழியில் முயன்றால் என்ன?

ஒத்தக்கடை வாசகர் எழுதியது:

முன் அனுமதி உண்டு. ஆனால் விண்ணப்பத்தோடு நன்கொடையாளரின் உறுதிக் கடிதமும் திட்ட விவரமும் கொடுத்துவிட்டு உள்துறை அமைச்சகத்தின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். அது ஜூன் மாதச் சேர்க்கையைப் பார்த்து வராது. இந்த ஆண்டுக் கட்டணத்தை உள்ளூர்ப் பணத்திலேயே கட்டியாக வேண்டும்.

சங்கமாகப் பதிவது, மாணவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் முகாமினர் பாதிப் பேர், பருவத் தேர்வுக் கட்டணத்துக்குத் தனி ஒதுக்கீடு ஆகிய மூன்றையும் நான் ஆதரிக்கிறேன். பொருளாளரின் கணக்கில் வரும் பணமும் சங்கத்தின் கணக்குக்கு மாறிவிடும். வெளிநாட்டுப் பணம் பற்றிய தீர்மானம் கூட்டத்துக்கு வந்தால் எதிர்த்தே வாக்களிப்பேன். வைகைக்கரை ஐயா அதை இப்போதே விதிகளில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வரைவை உச்சப்பட்டித் தம்பி எழுதட்டும், ஐயா திருத்தட்டும்.