எல்லாரும் பார்த்தாச்சு, எனக்கு மட்டும் தெரியலை

கண்ணாடிக்காரி:
போன ஞாயிறு முதல் தடவையா ஒரு குழுவோட சதுப்புநிலக் காப்பகத்துக்குப் பறவை பார்க்கப் போனேன். 14 பேர். "அதோ, கோரைக்குப் பக்கத்துல, பொறி உள்ளான்!"னு கூட்டிட்டுப் போனவர் சொல்வார். எல்லாரும் "ஆமா, ஆமா"ம்பாங்க. நான் பைனாகுலரைத் தூக்கி வெச்சா சேறும் தண்ணியும்தான். ஒழுங்கா பார்த்தது ஒரே ஒரு நெடுங்கால் உள்ளான், அதுவும் அது இடத்தை விட்டு நகராததால. கடைசியில நானும் சும்மா "ஆமா" போட ஆரம்பிச்சுட்டேன். பைனாகுலர் அப்பாவோடது, 10×50. நான் கண்ணாடி போடுறவ. அடுத்த மாசமும் கூப்பிட்டிருக்காங்க. போகவா, வேண்டாமா?

சேற்றுக்கால்:
போங்க. அந்த "ஆமா"வுல பாதி பொய்தான், நானே ஒரு வருஷம் சொல்லியிருக்கேன்.

கண் வைக்கிற இடத்துல இருக்கிற ரப்பர் வளையத்தை மடக்கிட்டீங்களா? கண்ணாடி போட்டவங்க மடக்காம பார்த்தா சாவித்துவாரம் வழியா பார்க்கிற கதைதான். அடுத்து, வலது கண் பக்கம் தனியா ஒரு வளையம் சுத்தும். வலது குழாயை மூடிட்டு நடுச் சக்கரத்தால இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்க. அப்புறம் இடதை மூடி, அந்த வளையத்தை மட்டும் திருப்பி வலது கண்ணுக்குச் சரி பண்ணுங்க. சரியான இடத்துல நகப்பாலிஷால ஒரு புள்ளி வெச்சுடுங்க.

பறவை கண்ணுல பட்டதும் குனிஞ்சு பைனாகுலரைத் தேடாதீங்க. பார்வையை அங்கேயே நிறுத்தி, பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாங்க. நான் மொட்டை மாடியில காக்காயை வெச்சுப் பழகினேன். அதுங்களுக்கே சலிச்சுப் போச்சு.

ஈரக்காலுறை:
10×50-ல முதல் எண் எத்தனை மடங்கு பெருசாக் காட்டும்ங்கிறது, ரெண்டாவது முன்பக்க லென்ஸோட அகலம், மி.மீ.ல. 10 மடங்குல கை நடுக்கமும் 10 மடங்காத் தெரியும், பார்வைப் பரப்பும் பொதுவா குறுகும். யார்கிட்டயாவது 8×42 இரவல் வாங்கிப் பாருங்க.

சேற்றுக்கால்:
இரவல் சரி, புதுசு வாங்க ஓடிடாதீங்க. முழங்கையை விலாவோட ஒட்டி வெச்சாலே பாதி நடுக்கம் போயிடும்.

கரையோரம்:
நான் குழுக்களைக் கூட்டிட்டுப் போறவன். தப்பு உங்க மேல இல்ல. சதுப்புல எங்க திரும்பினாலும் கோரைதான், "கோரைக்குப் பக்கத்துல"ன்னா எங்கேன்னு பார்க்கிறது? "ஒத்தைக் கம்பு நட்டிருக்கே, கையை நீட்டிப் பிடிச்சா அதுக்கு வலப்பக்கம் ரெண்டு விரல் தள்ளி, தண்ணி ஓரம்"னு சொல்லணும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நிறுத்தணும், இல்லேன்னா எல்லாமே கருப்பு நிழல்தான். 14 பேருன்னா நான் ரெண்டா பிரிச்சுடுவேன். ஒருத்தர் வண்டிக் கதவை அறைஞ்சு சாத்தினா போதும், ஆள்காட்டிப் பறவை கத்த, கரையே எழும்பிடும்.

அடுத்த தடவை பொறி உள்ளான் ஒண்ணு மட்டும் நல்லாப் பாருங்க. கண்ணுக்கு மேல இருக்கிற வெள்ளைக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னாடி வரை போகும். பார்க்க அதே மாதிரி இருக்கிற பச்சை உள்ளானுக்கு அது கண்ணோட நின்னுடும். பறக்கும்போது பச்சை உள்ளானோட இறக்கை அடிப்பக்கம் கருப்பா இருக்கும், பொறி உள்ளானுக்கு வெளிறியிருக்கும். தெரியலைன்னா "தெரியலை"ன்னு சத்தமா சொல்லுங்க. பக்கத்துல நாலு பேர் நிம்மதியா மூச்சு விடுவாங்க.

கண்ணாடிக்காரி:
இப்பதான் மாடியிலிருந்து இறங்கினேன். ரப்பரை மடக்கினதும் வட்டம் பெருசாயிடுச்சு. அந்த வலது பக்க வளையம் ஒரு கோடியில திரும்பி நின்னுட்டிருந்துச்சு. அப்பாவுக்கு வலது கண்ணுல பவர் ரொம்ப அதிகம். அவர் கண்ணுக்கு வெச்சதை மாத்தாமலேதான் நான் இத்தனை நாள் பார்த்துட்டு இருந்திருக்கேன்.

எனக்குச் சரியான இடத்துல சிவப்புப் புள்ளி வெச்சாச்சு. அவர் வெச்சிருந்த இடத்துலயும் ஒண்ணு வெச்சேன்.