தவில் அடி நசுங்குகிறது: 8 வாட் வால்வுக்கு 84 டெசிபல் ஸ்பீக்கர் பொருந்துமா?

தண்டையார்பேட்டை ரசிகன்:
வணக்கம். என்னிடம் 300பி வால்வு (கண்ணாடிக் குழாய்) போட்ட சிங்கிள் எண்டட் ஆம்ப்ளிஃபயர், அதாவது அலை முழுவதையும் ஒரே வால்வு பெருக்கும் வகை, இருக்கிறது. இடம், வலம் ஒவ்வொன்றுக்கும் 8 வாட். ஸ்பீக்கர் சிறியது: 84 டெசிபல், 8 ஓம் (மின்தடை). பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. வீணையும் குரலும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல இருக்கின்றன. தனி ஆவர்த்தனம் வந்தால்தான் சிக்கல். தவில் அடி நசுங்கிவிடுகிறது. வலந்தலை (வலது முகம்) எது, தொப்பி (இடது முகம்) எது என்று பிரித்துக் கேட்க முடியவில்லை. 40 வாட்டுக்கு மாறிவிடலாமா?

பெரம்பூர் வால்வு:
ஐயா, அந்த ஆம்ப்ளிஃபயரை விற்றுவிடாதீர்கள்! 84 என்பது 1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் கேட்கும் அளவு. வாட்டை இரட்டித்தால் 3 டெசிபல்தான் ஏறும். 8 வாட்டையும் கொட்டினாலும் 93 டெசிபலோடு முடிந்துவிடுகிறது. தவில் அடியோ சராசரி ஓசைக்கு மேல் 15, 20 டெசிபல்கூடத் தாவும். அந்த நொடியில் வால்விடம் மிச்சம் இல்லை, அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. 40 வாட்டுக்குப் போனால் உங்களுக்குக் கிடைப்பது 7 டெசிபல். 92 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால் 8 கிடைக்கும், 300பியின் குரலும் கையில் இருக்கும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பல நிறுவனங்கள் 2.83 வோல்ட்டில் அளந்து எழுதுகின்றன. 8 ஓமுக்கு அது 1 வாட், 4 ஓமுக்கு 2 வாட். எனவே 4 ஓம் ஸ்பீக்கரில் 92 என்று போட்டிருந்தால் உண்மையில் 89தான்.

ராயபுரம் கடற்கரை:
செலவுக்கு முன் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்பீக்கர் கம்பி 4 ஓம் முனையில் இருக்கிறதா, 8 ஓம் முனையிலா? நம் பக்கத்துக் கடற்காற்றில் முனைகள் கறுத்தும் போகின்றன. அணைத்துவிட்டுக் கழற்றுங்கள்; ஸ்பீக்கர் இல்லாமல் பாட்டு ஓடினால் வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம்.

தண்டையார்பேட்டை ரசிகன்:
பார்த்துவிட்டேன். 8 ஓம் முனைதான், சுத்தமாகவும் இருக்கிறது. அப்படியானால் ஸ்பீக்கர்தான்.

பெரம்பூர் வால்வு:
வாங்குவதற்கு முன் காதால் கேளுங்கள். என்னிடம் 12 அங்குலக் கூம்பு வைத்த 96 டெசிபல் ஜோடி இருக்கிறது. ஞாயிறு மாலை ஆம்ப்ளிஃபயரையும் அதே தவில் பதிவையும் எடுத்து வாருங்கள். வால்வுகளைக் கழற்றித் தனியே சுற்றிக்கொள்ளுங்கள். வியாசர்பாடி ஜீவா ரயில் நிலையம் பக்கம் ஆட்டோ குலுக்கி எடுத்துவிடும்.