புதுப்பிப்பு: ஏற்காட்டு இல்லங்களில் புகார் யாரிடம் கொடுப்பது

அரசு மானியத்தில் இயங்கும் தொண்டு இல்லங்களில் பெண் பணியாளருக்குப் பாலியல் தொல்லை நடந்தால் இல்லத்துக்குள்ளேயே இருக்கும் உள்ளகப் புகார் குழுவிடம் எழுதுங்கள் என்று முன்பு சொல்லியிருந்தேன். அது பாதி வழிதான். பணியாளர் 10 பேருக்குக் குறைவென்றாலோ, புகாரே நிர்வாகி மேல் என்றாலோ, பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி சேலம் மாவட்ட அளவில் அமைக்கப்படும் உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். தலை எண்ணும்போது ஒப்பந்தச் சமையலர், தன்னார்வலர் எல்லாரும் சேர்த்திதான். சம்பளப் பட்டியலைக் காட்டி ‘ஏழு பேர்தான்’ என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

புகார் 6 பிரதிகள், சாட்சிகளின் பெயர், முகவரியோடு. கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதம் கெடு. ‘பேசித் தீர்த்துக்கலாம்மா’ என்று இழுத்தடிப்பதிலேயே இந்த நாள் ஓடிவிடுகிறது, அதுதான் வேதனை. தாமதத்துக்கான காரணத்தை எழுதிக் கொடுத்தால் குழு மேலும் 3 மாதம் வரை நீட்டலாம். எழுத முடியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை.