யாப்பு வரைவு பற்றி: கூட்டத்தை வாசிகசாலையில் வைப்போம்

அன்பான ஊரவர்களுக்கு,

வெளிநாடுகளில் இருக்கும் நாங்கள் தொடங்கும் ஊர்ச் சங்கத்தின் யாப்பு, அதாவது சட்டவிதிகள், வரைவை முழுக்க வாசித்தேன். சூரிச் அண்ணையும் ஸ்காபரோ அக்காவும் நித்திரை முழித்து வேலை செய்திருக்கிறார்கள், காசு சேர்ப்பது, கணக்குக் காட்டுவது எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் அந்தக் காசை எதற்குச் செலவழிப்பது என்று ஊரில் யார் முடிவெடுப்பது? “ஊர்ப் பெரியவர்கள், கோயில் பரிபாலன சபையுடன் கலந்து” என்று ஒரே வரியில் முடித்திருக்கிறோம். எனக்கு அந்த வரியில்தான் பிரச்சினை.

போன வருடம் ஊருக்குப் போனபோது அப்படி ஒரு கூட்டத்தில் இருந்தேன். கோயில் மண்டபத்தில் பாய் விரித்திருந்தது. கிழக்குக் குறிச்சியிலிருந்து வந்தவர்கள் ஒருவரும் பாயில் இருக்கவில்லை, செருப்புக் கழற்றும் இடத்திலேயே நின்றார்கள். நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, உள்ளே வந்து இருங்கோ என்றும் யாரும் கேட்கவில்லை. குழாய்க் கிணறு எங்கே அடிப்பது என்பதுதான் அன்றைய கதை. கோடையில் முதலில் வற்றுவது அவர்கள் பக்கத்துக் கிணறுகள். அங்கிருந்து ஒரு அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். “ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது” என்று குறிப்பு வந்தது, நாங்களும் காசு அனுப்பினோம், கிணறு கோயில் வீதியில் இருக்கிறது.

இப்ப யார் சாதி பார்க்கிறார்கள், பழசைக் கிளறாதேங்கோ என்று சிலர் எழுதுவீர்கள். எது பழசு? யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வாங்கில் இருக்கலாம் என்ற சம ஆசனச் சண்டை 1930 அளவில் நடந்தது, சரி, அது பழசு. சாதி சொல்லிப் பொது இடங்களில் ஆட்களைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தது, அதற்குப் பிறகும் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே போக விடச் சொல்லிச் சனம் போராட வேண்டியிருந்தது. 2018இல் வரணிக் கோயிலில் ஜேசிபி இயந்திரம் கொண்டு தேர் இழுத்த படத்தை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். வடம் பிடிக்க ஆள் போதாது என்றார்கள் ஒரு பக்கம், எல்லாச் சாதியும் வடம் பிடித்துவிடும் என்ற பயம்தான் என்றார்கள் மறுபக்கம். இது எங்கட காலத்துக் கதை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விற்கவோ ஈடு வைக்கவோ காணி இருந்தவர்கள்தான் பெரும்பாலும் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குக் காசு கட்டி வெளியே வந்தோம். போரில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து மல்லாகம், சுன்னாகம் முகாம்களில் இருபது வருடத்துக்குப் பிறகும் மிஞ்சியிருந்தவர்களில் அநேகர் காணி இல்லாத, ஒடுக்கப்பட்ட சாதிச் சனம். ஆகவே இந்தக் குழுவில் இருக்கும் நாங்களே ஊரின் ஒரு பக்கம்தான், நாங்கள் எல்லாரும் ஒரு குரலில் ஆம் என்றாலும் அது ஊரின் முடிவு ஆகாது.

அதனால் என் திருத்தம் இது. கூட்டம் வாசிகசாலையில், எல்லாருக்கும் கதிரை போட்டு நடக்க வேண்டும். ஒவ்வொரு குறிச்சியும் தன் இரண்டு பிரதிநிதிகளைத் தானே தெரிவு செய்யட்டும், அதில் ஒருவர் பெண். நாங்கள் இங்கிருந்து பெயர் சொல்லக் கூடாது. அவர்கள் எல்லாரும் கையெழுத்து வைக்காத திட்டத்துக்குப் பொருளாளர் காசு விடக் கூடாது. இப்படிச் செய்தால் வேலை இழுபடும் என்று லண்டன் தம்பி போனில் சொன்னான். இழுபடட்டும், அவசரமாக அடித்த கிணறு எங்கே நிற்கிறது என்று பார்த்தோம்தானே. கோயிலுக்குக் கொடுக்க விரும்புகிறவர்கள் தாராளமாகத் தனியே கொடுங்கள், சங்கக் காசு வேறு.

அங்கத்தவர் என்றால் “ஊரைப் பிறப்பிடமாகக் கொண்டவர்” என்று எழுதியிருக்கிறோம். அப்படியென்றால் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது புத்தளம் போன, எங்கள் சந்தையடியில் கடை வைத்திருந்த குடும்பங்களும் அங்கத்தவர்தான். ஒன்றுகூடலுக்கு ஒரு தடவையாவது அவர்களுக்கு அழைப்புப் போனதா?

திருத்தத்தை ஞாயிறு ஸூம் கூட்டத்துக்கு முன்னர் எழுதி அனுப்புகிறேன். மறுப்பு இருந்தால் தனி மடலில் வேண்டாம், இங்கேயே எல்லாரும் பார்க்க எழுதுங்கள். புத்தளத்துத் தொடர்பு யாரிடமாவது இருந்தால், முதலில் அவர்களிடம் கேட்டு, சம்மதித்தால் குழுவில் சேர்த்துவிடுங்கள்.