"முடியவில்லை" என்றால் நோயா, மறுப்பா?

பதிவுமேசை எழுதியது:

தமிழகத்தாரும் ஈழத்தாரும் வந்துபோகும் ஒரு மருத்துவமனையில் முன்பதிவு மேசையில் இருக்கிறேன். வருகிறவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அதோடு விட்டால் பரவாயில்லை. "நோயாளி ஒத்துழைக்கிறாரா?" என்று பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. அங்கேதான் பேனா நின்றுவிடுகிறது.

"ரெண்டு நாளாக முடியவில்லை" என்கிறார் ஒருவர். "ஊசியெல்லாம் போட முடியாது" என்கிறார் இன்னொருவர். "படி ஏற ஏலாது" என்கிறார் ஒரு பாட்டி. "அப்பாவுக்கு வருத்தம்" என்று ஒரு பெண் சொன்னபோது, என்னோடு வேலை பார்ப்பவர் "யார் மேல்?" என்று கேட்டே விட்டார். உடம்புக்கு ஆகாததையும் மனம் ஒப்பாததையும் பிரித்தறிய வழி உண்டா?

ஒற்றுப்பிழை எழுதியது:

மெய்ப்புத் திருத்தியே கண் கெட்டவன் நான். எனக்கு எல்லாம் வேற்றுமை உருபாகத்தான் தெரியும். "பாட்டிக்கு முடியவில்லை" என்றால் பாட்டி படுத்திருக்கிறார். "பாட்டியால் முடியவில்லை" என்றால் எதையோ செய்யப் பார்த்துக் கைவிட்டிருக்கிறார். "கு" வந்தால் நோய், "ஆல்" வந்தால் இயலாமை. எங்கள் மதுரைப் பக்கத்தில் ஐயமே வராமல் "மேலுக்கு முடியவில்லை" என்பார்கள். மேல் என்றால் உடம்பு.

அடுத்து, "முடியவில்லை" முயன்று பார்த்தவரின் சொல். "முடியாது" பெரும்பாலும் முயல்வதற்கு முன்பே வந்துவிடும். உங்கள் ஊசிக்காரர் மறுக்கிறார், அதில் சந்தேகமில்லை. இந்த வகையில் பெரிய வேஷதாரி "இயலாது"தான். "திருமணத்துக்கு வர இயலாமைக்கு வருந்துகிறேன்" என்று எழுதுகிறவர்களில் பலருக்குக் காலும் நன்றாக இருக்கும், பஸ்ஸும் இருக்கும்.

வேஷம் புதிதல்ல. பரிசில் தராமல் இழுத்தடித்த பாண்டியன் நன்மாறனிடம் ஆவூர் மூலங்கிழார் இதைத்தான் சொன்னார் (புறநானூறு 196). "ஒல்லாது ஒல்லும் என்றலும் ஒல்லுவது இல்லென மறுத்தலும்" இரப்பவரை வாட்டும் என்றார். முடியாததை முடியும் என்பது, இருப்பதை இல்லை என்பது, இரண்டும்தான். அதன் பிறகு "நோயிலர் ஆக நின் புதல்வர்" என்று வாழ்த்திவிட்டுக் கிளம்புகிறார். அது வாழ்த்துதானா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

வடமராட்சியான் எழுதியது:

ஐயாவின் "கு" விதியை எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களிடம் பொருத்திப் பார்க்காதீர்கள். நாங்கள் இயலாமைக்கும் "எனக்கு ஏலாது" என்றே சொல்லுவோம். ஆனால் "அவர் ஏலாமல் கிடக்கிறார்" என்றால் அது நோய். வருத்தம் என்பதும் எங்களுக்கு நோய்தான். நோயாளியைப் பார்க்கப் போவதை "வருத்தம் பார்க்கப் போதல்" என்போம். அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு யார் மேலும் கோபமில்லை. தலைவலி எங்களுக்குத் தலையிடி, ஜலதோஷம் தடிமன். இவற்றையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கட்டத்துக்குள் அடங்காத சொல் ஒன்று எங்களிடம் உண்டு: பஞ்சி. "எழும்பப் பஞ்சியாக இருக்கிறது" என்பவருக்கு நோயும் இல்லை, மறுப்பும் இல்லை. உடம்பு சோம்புகிறது, மனமும் அதற்குத் துணை போகிறது, அவ்வளவுதான். "மருந்து குடிக்கப் பஞ்சி" என்று ஒருவர் சொன்னால் ஒத்துழைக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். இன்னொரு முறை சொன்னால் குடித்துவிடுவார்.

கீழத்தெரு எழுதியது:

"சீக்கு" என்ற சொல்லை விட்டுவிட்டீர்களே. ஆங்கிலத்திலிருந்து வந்து இங்கே மதிப்பிழந்த சொல். கோழிக்குச் சீக்கு என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். மனிதரைச் சீக்காளி என்றால் சண்டைதான். யாராவது தம் மாமியாரைப் பற்றி அப்படிச் சொன்னால், சொன்னபடியே எழுத வேண்டாம்.

பதிவுமேசை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பஞ்சியை இன்றே மருத்துவரிடம் சொல்லிவிட்டேன். இன்னொரு சந்தேகம். நேற்று ஒரு பெரியவர் "கை தூக்க மாட்டேன் என்கிறது" என்றார். இங்கே மாட்டேன் என்பது யார்?

ஒற்றுப்பிழை எழுதியது:

கைதான், அம்மா. அஃறிணைக்கு "தூக்க வராது" என்றாலே போதும். ஆனாலும் நம் பேச்சில் கதவு திறக்க மாட்டேன் என்கிறது, தூக்கம் வர மாட்டேன் என்கிறது, காய்ச்சல் விட மாட்டேன் என்கிறது. பிடிவாதத்தை எல்லாம் பொருள்களின் தலையில் கட்டிவிட்டு நாம் நல்லவர்களாக இருந்துகொள்கிறோம்.

பழைய தமிழில் மாட்டுதல் என்றால் இயலுதல்தான். "நடக்க மாட்டாத கிழவர்", "தாங்கமாட்டாமல் அழுதாள்" என்று இன்றும் எழுதுகிறோமே, அங்கெல்லாம் மறுப்பே கிடையாது. பின்னாளில்தான் "மாட்டேன்" முறுக்கிக்கொண்டது. ஆகவே பெரியவருக்கு "ஒத்துழைக்கிறார்" என்றே எழுதுங்கள். எந்தக் கை, எவ்வளவு உயரம் வரை தூக்க வருகிறது என்று கேட்டு அதையும் சேர்த்துவிடுங்கள்; மருத்துவருக்கு அதுதான் வேண்டும்.