மூவாயிரம் ஆண்டு கழித்தும் விசைப்பலகை மிஞ்சுமா?

கடைசிக்கப்பல்:
நான் எழுதிக்கொண்டிருக்கும் நாவலுக்காகக் கேட்கிறேன். கதை நடப்பது மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, பூமியைச் சுற்றிவரும் ஒரு பெரிய குடியிருப்பில். எல்லாம் சிதைந்துகொண்டே வருகிறது. சுவருக்குள் இருக்கும் கணினி மட்டும் தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொண்டு ஓடுகிறது. காற்றும் தண்ணீரும் அதன் கையில். மக்களிடம் உலை உண்டு, கம்பி இழுக்கத் தெரியும், பித்தளை வார்க்கத் தெரியும். சிப் செய்யத் தெரியாது. இவர்கள் கணினிக்கு எதன் வழியாகக் கட்டளை கொடுப்பார்கள்? என் வரைவில் எல்லா அறையிலும் எழுத்து அழிந்துபோன கீபோர்டுகள் இருக்கின்றன. படித்தவர்கள் நம்ப முடியவில்லை என்கிறார்கள். நம்பலாம் என்பது என் கட்சி.

ஒலிவடிவம்:
நம்ப முடியாதுதான். நூறு கீ, நூறு ஸ்பிரிங், அடியில் ரப்பர். இத்தனை அசையும் பாகங்களை எதற்காக மூவாயிரம் ஆண்டு சுமக்க வேண்டும்? பேச்சு இருக்கிறதே. கரித்துகளும் மெல்லிய தகடும் இருந்தால் மைக் செய்துவிடலாம், 19ஆம் நூற்றாண்டிலேயே அப்படித்தான் செய்தார்கள். உங்கள் பட்டறைக்கு அது எட்டும். தன்னையே பழுதுபார்க்கும் கணினிக்கு மனிதப் பேச்சு புரியாது என்று எழுதினால் அதைத்தான் நான் நம்ப மாட்டேன்.

சாலிடர்காரன்:
பழைய கீபோர்டுகளைப் பிரித்துச் சரிசெய்வது என் பொழுதுபோக்கு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கீபோர்ட் தேய்ந்து சாவது குறைவு. பெரும்பாலும் மூப்பால் சாகிறது. 1980களில் ஒரு வகை வந்தது. ஒவ்வொரு கீயின் அடியிலும் சிறிய நுரைத்துண்டு, அதன் கீழே உலோகத்தாள். யாருமே தொடாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் அந்த நுரை பொடியாகி உதிர்ந்துவிடும், ஒரு கீகூட வேலை செய்யாது. அதே காலத்தில், 1985இல் வந்த ஐபிஎம் மாடல் எம் கீபோர்டின் ஸ்பிரிங்குகள் இன்றும் நன்றாக இருக்கின்றன. அதில் உடைவது பின்தகட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ஆணிகள்தான். ரீட் சுவிட்ச் என்று ஒன்று உண்டு. கண்ணாடிக் குழலுக்குள் மந்த வாயுவை அடைத்து, இரண்டு மெல்லிய உலோக நாக்குகளை வைத்து மூடியிருப்பார்கள். காந்தம் கிட்டே வந்தால் ஒட்டும், விலகினால் பிரியும். உள்ளே துரு ஏற வழியே இல்லை. ஆக ஸ்பிரிங், பித்தளை, கண்ணாடி எல்லாம் தாங்கும். ரப்பரும் நுரையும் ஒட்டுப்பசையும் தாங்காது.

ஆனால் இதற்கெல்லாம் முன்பே செத்துப்போவது வேறொன்று, அதை யாரும் கதையில் எழுதுவதில்லை. கீபோர்டுக்குள் ஒரு குட்டிச் சிப் இருக்கிறது. கீகள் வரிசையும் நெடுவரிசையுமாகக் கம்பிகளில் கோக்கப்பட்டிருக்கும். எந்தக் குறுக்கில் இணைப்பு விழுந்தது என்று ஓயாமல் சுற்றிப் பார்த்து, அதற்குரிய எண்ணைக் கணினிக்கு அனுப்புவது அந்தச் சிப்தான். பலவற்றில் அதன் நிரல் ஃபிளாஷ் நினைவகத்தில், சிறைப்பட்ட மின்னூட்டமாக இருக்கிறது. அது மெல்லக் கசியும். தயாரிப்பாளர்கள் அதற்கு உறுதி கொடுப்பது சில பத்தாண்டுகளுக்கு, மிஞ்சினால் நூறாண்டுக்கு. அது போய்விட்டால் நூறு நல்ல சுவிட்சும் வெறும் இரும்பு.

அதனால் கீ எதனால் ஆனது என்பதைவிட, சுவர் எங்கே முடிகிறது என்பதை நீங்கள் முதலில் முடிவுசெய்ய வேண்டும். சுற்றிப் பார்க்கும் வேலையைச் சுவருக்குள் இருக்கும் கணினியே செய்து, 8 வரிசைக் கம்பியும் 13 நெடுவரிசைக் கம்பியும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போதும். 21 கம்பி, 104 கீ. வெளியே இருப்பது எல்லாமே பித்தளையும் ஸ்பிரிங்கும். உங்கள் மக்கள் நூறு தலைமுறை ஆனாலும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

கூடவே கதைக்கு ஒன்று. கம்பிகளின் குறுக்கில் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு இல்லாவிட்டால், செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள கீகளைச் சேர்த்து அழுத்தும்போது நான்காவது மூலையில் உள்ள கீயும் அழுந்தியதாகக் கணினி நினைக்கும். ஏன் என்று தெரியாமலே ‘மூன்றைச் சேர்த்து அழுத்தாதே’ என்று அந்த மக்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

நெட்டெழுத்து:
ஒலிவடிவம், மூவாயிரம் ஆண்டில் பேச்சு என்ன ஆகும் என்று நினைத்தீர்களா? சங்கப் பாடலுக்கு வயது சுமார் இரண்டாயிரம். உரை இல்லாமல் நம்மில் எத்தனை பேருக்குப் புரிகிறது? அதே வேகத்தில் மாறினால் உங்கள் கணினியும் மனிதர்களும் ஆளுக்கொரு மொழி பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் கடைசிக்கப்பலுக்கும் இதே சிக்கல் உண்டு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, றா எல்லாம் வேறு வடிவத்தில் இருக்கும். அரை நூற்றாண்டுக்குள்ளேயே இவ்வளவு மாற்றம். கீமேல் எழுத்தைப் பொறித்து என்ன பயன்? எழுத்தே வேண்டாம், எண் போதும் என்பேன். அப்பல்லோ விண்கலத்தின் கணினிக்கு இருந்தது 19 கீ. வினைச்சொல்லுக்கு ஒரு எண், பெயர்ச்சொல்லுக்கு ஒரு எண். வினை 16, பெயர் 36 என்று கொடுத்தால் கணினியின் கடிகாரம் திரையில் வரும். நிலவுக்குப் போய்வர அது போதுமானதாக இருந்தது.

ஒலிவடிவம்:
கணினி தினமும் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அக்கா. மக்கள் பேச்சு மாறும்போது அதுவும் கூடவே கற்றுக்கொள்ளும். பாட்டிக்கும் பேத்திக்கும் இடையில் பேச்சு அறுந்துபோவதில்லையே.

எண் விஷயத்தில் எனக்குப் பயமே வருகிறது. பொருள் தெரியாமல் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்த சமூகத்தில், ஒரே ஒரு இலக்கம் தப்பாகக் கைமாறினால் ஒரு பகுதி முழுக்கக் காற்று நின்றுவிடும். அது தப்பு என்றுகூட யாருக்கும் தெரியாது. பேச்சில் அப்படி இல்லை. ‘நிஜமாகவே மூடச் சொல்கிறாயா?’ என்று கணினி திருப்பிக் கேட்கும். கைகளை இழந்தவர், எழுதப் படிக்கத் தெரியாத குழந்தை, இவர்களும் உதவிக்குக் கூப்பிட முடியும். சிதைந்த உலகத்தில் அப்படிப்பட்டவர்கள்தான் நிறைய இருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டு என்ன கருவி?

சாலிடர்காரன்:
குழந்தை கூப்பிட மைக் இருக்கட்டும், அதில் எனக்குத் தகராறு இல்லை. வால்வை மட்டும் பேச்சிடம் கொடுக்காதீர்கள். 2017இல் அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். வேகத்தையும் திசையையும் தொடுதிரையில் வைத்திருந்தார்கள். எந்தக் கட்டுப்பாடு எந்த மேசையில் இருக்கிறது என்ற குழப்பம் வந்தது. ஒரு பக்க உந்துவிசையை மட்டும் குறைத்துவிட்டு இரண்டையும் குறைத்ததாக நினைத்தார்கள். 2019இல் கடற்படை மறுபடி கைப்பிடிகளுக்கே திரும்ப முடிவுசெய்தது. கைப்பிடி எந்த நிலையில் நிற்கிறதோ அதுதான் உண்மை. இருட்டில் தடவிப் பார்த்தாலும் தெரியும். பேச்சு சொன்னதும் காற்றோடு போய்விடும், அடுத்து வருபவருக்கு அறையில் ஒரு தடயமும் இருக்காது.

விரலெண்:
எல்லோரும் நூறு கீயையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஐந்து போதும். 1870களில் போதோ என்ற பிரெஞ்சுக்காரர் தந்திக்கு ஐந்து கீயோடுதான் பலகை செய்தார். அமெரிக்கக் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கெல்பார்ட் 1968இல் மவுஸை உலகுக்குக் காட்டியபோது இன்னொரு கையில் இருந்தது ஐந்து கீப் பலகை. பார்வையற்றோருக்கான பெர்கின்ஸ் பிரெய்லரில் ஆறு புள்ளிக்கு ஆறு கீ, மின்சாரமே கிடையாது.

ஐந்து கீயைச் சேர்த்துச் சேர்த்து அழுத்தினால் 31 விதம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. கூட்டிப் பாருங்கள், 31! உயிர்மெய்யைத் தமிழ்99 கீபோர்ட் முறை போல மெய்யும் உயிருமாக அடுத்தடுத்து அழுத்திக்கொள்ளலாம். ஒரே கையில் முழுத் தமிழும் வந்துவிடுகிறது. இடைவெளிக்கும் எண்ணுக்கும் கட்டைவிரலுக்கு ஆறாவதாக ஒரு கீ வையுங்கள். எழுத்து வடிவம் எப்படி மாறினால் என்ன, விரலுக்கு அது தெரிய வேண்டியதில்லை. கீக்கு ஒன்றாக ஆறு கம்பியும் ஒரு பொதுக் கம்பியும் தனித்தனியே வந்தால் சாலிடர்காரன் சொன்ன பொய்க் கீயும் கிடையாது.

நெட்டெழுத்து:
இந்த 31 கணக்கு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சொல்லித்தர ஆள் வேண்டும். எழுத்துள்ள கீபோர்டில் புதிதாக வந்தவன்கூட ஒவ்வொன்றாகத் தேடி அழுத்திவிடுவான். ஆறு மொட்டைக் கீயைப் பார்த்தால் என்ன செய்வான்? ஒரு கொள்ளைநோயில் கற்பிப்பவர்கள் போய்விட்டால் அன்றோடு முடிந்தது. கீயின் பக்கத்திலேயே சுவரில் அட்டவணையைச் செதுக்கி வைத்தாக வேண்டும், அதுவும் எழுத்தாக இல்லாமல் படமாக.

ஒலிவடிவம்:
சுவரில் செதுக்குவானேன்? கணினியே பேசிக் கற்றுக்கொடுக்கலாமே.

கடைசிக்கப்பல்:
இப்போதைக்கு இப்படி மாற்றுகிறேன். வால்வுகளுக்குக் கைப்பிடி. எழுதுவதற்கு ஆறு கீ. பழைய 104 கீப் பலகை ஒன்றே ஒன்று, அதுவும் பாதிக் கீகள் இல்லாமல். மேல்தளத்து மக்கள் பேசினால் கணினிக்குப் புரியும். கீழ்த்தளம் ஐந்நூறு ஆண்டு துண்டிக்கப்பட்டுக் கிடந்ததால் அவர்கள் பேச்சு அதற்குப் புரியாது. அவர்களிடம் இருப்பது விரல்கள் மட்டும்.

ஒலிவடிவம்:
கீழ்த்தளத்தை நம்புகிறேன், அங்கே கணினி கேட்கவே இல்லையே. ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. தன்னைப் பழுதுபார்க்கும் கணினி அந்தப் பழைய கீபோர்டின் சிப்பை ஏன் பழுதுபார்க்கவில்லை?

சாலிடர்காரன்:
அது சுவருக்கு வெளியே இருந்ததால். தன் உடம்பு எதுவரை என்று அதற்குச் சொல்லிவைத்திருப்பார்கள், அதைத் தாண்டி அது தொடாது. அந்த எல்லையை யார், எதற்காக அங்கே போட்டார்கள் என்பதை நீங்கள் எழுதித்தான் ஆக வேண்டும்.