மக எழுதுற இங்லீஷ் எல்லாம் வாட்ஸ்அப் மாதிரியே இருக்கு, என்ன செய்யலாம்?

செந்தூல் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். மக இந்த வருஷம் எஸ்.பி.எம். எழுதுறா, அதான் நம்ம மலேசியாவுல அஞ்சாம் ஃபார்ம் முடிவுல வர்ற அரசாங்கப் பரீட்சை. நாள் பூரா கூட்டாளிங்களோட வாட்ஸ்அப்ல இங்லீஷ்தான், பயமே கிடையாது. ஆனா போன வாரம் டீச்சருக்கு அவ அனுப்புன மெசேஜ பாத்து எனக்கு பக்குன்னு ஆயிருச்சு. "ஹாய் டீச்சர், டுமோரோ கேனாட் கம் லா, சிக்", அவ்ளோதான். தேங்க்யூவுக்கு வெறும் டி.க்யூ., யூ-வுக்கு ஒத்த எழுத்து. கேட்டா எல்லாரும் இப்படித்தான்மாங்கிறா. பரீட்சையிலயும் இப்படி எழுதிருவாளோன்னு பயமா இருக்கு. இவங்க அப்பா போனை வாங்கி வச்சிரலாம்ங்கிறாரு.

பட்டர்வொர்த் டியூஷன் டீச்சர்:
போனை வாங்காதீங்க சிஸ்டர். 12 வருஷமா சொல்லிக் குடுக்குறேன், ஒத்த எழுத்து யூ எல்லாம் பரீட்சைத் தாள்ல நான் பாத்தது ரொம்ப கம்மி, அங்க அப்படி எழுதக்கூடாதுன்னு பிள்ளைங்களுக்கே தெரியும். மார்க் போறது வேற இடத்துல. 2021-ல வந்த புது பார்மட்ல ரெண்டாம் தாள் முதல் கேள்வியே ஒரு சின்ன இமெயில், சுமார் 80 சொல்லு, 20 மார்க். பெரும்பாலும் கூட்டாளிக்குத்தான் பதில் எழுதணும், அதுக்குப் போய் "ஐ ஆம் ரைட்டிங் டு இன்ஃபார்ம் யூ"ன்னு ஆரம்பிச்சு "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி"ன்னு முடிக்கிற பிள்ளைங்க எத்தனையோ பேரு! அதே பிள்ளைய தலைமையாசிரியருக்கு எழுதச் சொன்னா "ஐ வான்ட்"ன்னு நிக்கும். ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான், படிக்கிறவங்க யாருன்னு யோசிக்கிறதில்ல. ஆளுக்கேத்த தொனி இருக்கான்னு பாத்தும்தான் மார்க் போடுறாங்க.

உங்க மக தமிழ் எடுத்திருந்தா ஒண்ணு கேட்டுப் பாருங்க, கட்டுரையில "மழ வந்துச்சு"ன்னு எழுதுவாளா? "மழை வந்தது"ன்னுதானே எழுதுவா. வாய்ல ஒண்ணு, தாள்ல ஒண்ணுன்னு மாத்துற பழக்கம் நம்ம பிள்ளைங்களுக்கு சின்னதுலயே வந்துருது, அத இங்லீஷுக்கும் கொண்டுவரச் சொல்லுங்க.

பாயான் லெப்பாஸ் அண்ணன்:
டீச்சர் சொல்றது வேலையிலயும் அப்படியே உண்மை. நான் ஃபேக்டரியில சேந்த புதுசுல மேனேஜருக்கு "ப்ளீஸ் சென்ட் மீ த ஃபைல் டுடே"ன்னு மெயில் போட்டேன், ப்ளீஸ் இருந்தா மரியாதை வந்துரும்னு நெனச்சேன், ஆனா அது கட்டளை மாதிரி இருக்குன்னு கூட வேலை செஞ்ச அக்காதான் எடுத்துச் சொன்னாங்க. தமிழ்ல நீ, நீங்கன்னு ரெண்டு இருக்கு, மலாய்லயும் ஐயா, அம்மாங்கிற மாதிரி துவான், புவான்னு கூப்பிடுவோம், இங்லீஷ்ல எல்லாருக்கும் ஒரே யூ. அதனால மரியாதைய வாக்கியத்துலதான் காட்டணும், "குட் யூ", "வுட் இட் பி ஓகே இஃப்"னு. இத எனக்கு ஸ்கூல்ல யாரும் சொல்லித் தரல, தெரிஞ்சிருந்தா அந்த மெயில் போயிருக்காது.

பிரிக்ஃபீல்ட்ஸ் மாணவன்:
ஆன்டி, சுருக்கி எழுதுறது சோம்பேறித்தனம் இல்ல. அந்தக் காலத்து எஸ்.எம்.எஸ்.ல ஒண்ணுக்கு 160 எழுத்துதான், அப்ப வந்த பழக்கம் இது. மலாய்லயும் இல்லைங்கிற தாக்-க்கு ஒரு எக்ஸ் போடுவோம், கூட்டாளிங்கங்கிற காவான்-காவான முழுசா எழுதாம காவான் பக்கத்துல 2 போடுவோம். கூட்டாளிக்கு முழுசா எழுதி புள்ளி வச்சா கோவமான்னு கேப்பான். தங்கச்சிக்கு நான் செஞ்சது என்னன்னா, ஒரே விஷயத்த கூட்டாளிக்கு, டீச்சருக்கு, வேலை கேக்குற கம்பெனிக்குன்னு மூணு விதமா போன்லயே எழுதச் சொன்னேன். தினம் பத்து நிமிஷம், ஒரு மாசத்துல நல்ல வித்தியாசம்.

செந்தூல் அம்மா:
நன்றிங்க. நேத்து ராத்திரி தம்பி சொன்ன மாதிரி உக்கார வச்சேன். டீச்சருக்கு இப்ப எழுதுனது: "ஹாய் டீச்சர், ஐ ஆம் நாட் ஃபீலிங் வெல், சோ ஐ வோன்ட் பி ஏபிள் டு கம் டுமோரோ. குட் யூ ப்ளீஸ் டெல் மீ த ஹோம்வர்க்?" ஹாய் மட்டும் இருக்கட்டும்னு அடம் பிடிக்கிறா, விடலாமா டீச்சர்?

பட்டர்வொர்த் டியூஷன் டீச்சர்:
வாட்ஸ்அப்ல தாராளமா விடலாம். லெட்டர்னா "டியர்" போடச் சொல்லுங்க.